இரண்டாம் வகுப்பில் ஒரு வாரம்

ஒரு நாட்டின் கல்வி எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் சுட்டிக்காட்டுவோர் உண்டு. பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கோ பொதுத்தேர்வுதான் முதலில் நினைவுக்கு வரும். ஆயினும் மரத்தின் உயரத்தைத் தாங்கி நிற்பது கண்ணுக்குத் தெரியாத வேர் அல்லவா? கல்விக்கு அந்த வேர் தொடக்கப்பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளே. எட்டு வயதுக்குள் எழுத்தும் எண்ணும் கைவரப்பெற்ற குழந்தை, அதன்பின் எல்லாப் பாடங்களையும் தானே படித்துக் கற்றுக்கொள்கிறது. கைவரப்பெறாத குழந்தைக்கோ அறிவியலும் வரலாறும் பூட்டிய கதவுகளாகிவிடுகின்றன.

ஆகவே, ஆண்டு மலருக்குப் பயனுள்ள கட்டுரை ஒன்று எழுதுமாறு எங்கள் தமிழாசிரியை பணித்தபோது, நாங்கள் வெகுதூரம் செல்லவில்லை. பள்ளி வளாகத்திலேயே உள்ள தொடக்கப் பிரிவுக்குச் சென்றோம். தலைமை ஆசிரியை அருட்சகோதரி அவர்களின் அனுமதியுடன், சென்ற ஜூலை மாதத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள்கள், எங்களில் 12 பேர் முறைவைத்து இரண்டாம் வகுப்பில் அமர்ந்தோம். நடந்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதினோம். வகுப்பாசிரியை சொன்ன சிறு வேலைகளில் உதவினோம்.

அவ்வகுப்பில் 28 சிறுமியர். அவர்களுள் பலருடைய பெற்றோர் தூத்துக்குடி உப்பளங்களிலும் மீன்பிடித் தொழிலிலும் உழைப்பவர்கள். ஒரு சிறுமி மட்டும் ஒடிசா மாநிலத்திலிருந்து வந்தவள். அவளுடைய தாய் தந்தையர் உப்பைப் பொட்டலமிடும் ஆலையில் வேலை கிடைத்து இவ்வூருக்கு வந்திருந்தனர். ஜூன் மாதத்தில் பள்ளியில் சேர்ந்த அவள், வீட்டில் பேசுவது ஒடியா மொழி. நாங்கள் சென்ற நாள் வரை வகுப்பில் அவள் வாய் திறந்து பேசியதே இல்லை. "அக்கா, அவளுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று பக்கத்திலிருந்த சிறுமி எங்கள் காதருகே வந்து சொன்னாள். அந்தச் சொல் மெய்தானா என்பதை அவ்வாரத்தின் ஐந்து நாள்களும் எங்களுக்குக் காட்டின.

திங்கள்: மணலில் எழுத்து

காலை வழிபாடு முடிந்து வகுப்புக்குள் வந்ததும், குழந்தைகள் மூன்று குழுக்களாகப் பாய்களில் அமர்ந்தனர். ஒவ்வொரு பாயின் அருகிலும் ஓர் அட்டை இருந்தது. அவற்றில் அரும்பு, மொட்டு, மலர் என்று எழுதியிருந்தது. தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளை இவ்வாறே பிரிக்கின்றனர். எழுத்துகளை அறியத் தொடங்குவோர் அரும்பு. சொற்களைக் கூட்டிப் படிப்போர் மொட்டு. தம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிப்போர் மலர். "முதல் மாணவி, கடைசி மாணவி என்ற பேச்சு இங்கே கிடையாது. அரும்பு மொட்டாகும், மொட்டு மலராகும். இன்னும் மலரவில்லையே என்று எந்தச் செடியும் அரும்பைத் திட்டுவதில்லை" என்று வகுப்பாசிரியை சிரித்துக்கொண்டே கூறினார்.

தமிழ் எழுத்துகள் மொத்தம் 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இத்தனையையும் ஒரு சிறு குழந்தை எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்ளும் என்று வியப்பாக இருக்கும். ஆனால் உண்மையில் அது 247 வடிவங்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதில்லை. உயிரும் மெய்யுமாகிய 30 எழுத்துகளையும், கால், கொம்பு, விசிறி போன்ற குறிகளையும் அறிந்துகொண்டால், மற்றவற்றைத் தானே கட்டிக்கொள்கிறது. எழுத வைக்கும் வரிசையிலும் ஒரு நுட்பம் உண்டு. அ என்ற எழுத்துக்குச் சுழியும் வளைவும் கோடும் வேண்டும். ட என்ற எழுத்துக்கு இரண்டே கோடுகள் போதும். ஆகவே ட, ப, ம ஆகிய நேர்கோட்டு எழுத்துகளை முதலில் பழக்குகின்றனர். அந்த மூன்றோடு புள்ளியும் தெரிந்துவிட்டால் படம், பட்டம், மடம் என்று குழந்தை சொற்களையே படித்துவிடுகிறது. முதல் வாரத்திலேயே ஒரு சொல்லைத் தானாகப் படித்த மகிழ்ச்சி, அடுத்த எழுத்துக்கு அதை இழுத்துச் செல்கிறது.

அரும்புக் குழுவினருக்குத் தட்டுகளில் மணல் கொடுத்தனர். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரியிலிருந்து கொண்டுவந்த செம்மணல் அது. மாவைப் போல மென்மையாக இருக்கும். காற்றில் பறக்காதிருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு, சுட்டுவிரலால் எழுதச் செய்தனர். பென்சிலைப் பிடிக்கத் திணறும் குழந்தைகூட மணலில் அஞ்சாமல் எழுதுகிறது. தவறினால் தட்டை ஓர் அசைப்பு அசைத்தால் போதும், பிழை இருந்த இடமே தெரியாது.

இது புதிய முறை அன்று. நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதியே எழுத்துக் கற்றனர். சற்று மூத்த பிள்ளை ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789இல் சென்னை எழும்பூரிலிருந்த அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப்புறப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்தார். தம் இல்லத்திலும் அதைப் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதை ஏற்கவில்லை. ஆகவே மாணவன் ஒருவனைக் கொண்டே சிறுவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். இங்கிலாந்து திரும்பியபின் 1797இல் இதைப் பற்றி நூல் எழுதி வெளியிட்டார். அம்முறை 'மதராஸ் முறை' என்ற பெயரில் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவிற்று. நம் ஊர்த் திண்ணையிலிருந்து கடல் கடந்து சென்ற பாடம் இது என்பதை நினைக்க, அன்று சட்டாம்பிள்ளைகளாக அமர்ந்திருந்த எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

மலர்க் குழுவில் ஒரு சிறுமி கெ, கே இரண்டையும் மாற்றி எழுதினாள். ஏகார ஓகாரங்களைக் குறில்களிலிருந்து பிரித்துக்காட்டும் இன்றைய வரிவடிவை அமைத்துத் தந்தவர் இத்தாலி நாட்டிலிருந்து வந்து தமிழ்த் தொண்டு புரிந்த வீரமாமுனிவர். 1978இல் தமிழ்நாடு அரசு ணா, றா, னா, ணை, லை முதலான 13 எழுத்துகளின் வடிவத்தை மற்ற எழுத்துகளைப் போலவே எழுதுமாறு மாற்றியது. பாட்டிமார் எழுதும் கடிதங்களில் லை என்ற எழுத்து யானைத் துதிக்கை போன்ற கொம்புடன் இருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். எழுத்தை மாற்றியவர்கள் எல்லாரும், கற்கத் தொடங்கும் குழந்தையின் சுமையைக் குறைத்திருக்கிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஒடிசாச் சிறுமி அரும்புக் குழுவில் அமர்ந்து, ஆசிரியை எழுதிய ட என்ற எழுத்தைப் பார்த்து எழுதினாள். நேர்த்தியாகவே எழுதினாள். ஆனால் "இது என்ன எழுத்து?" என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டாள்.

செவ்வாய்: ஈர்க்குச்சிக் கட்டு

கணக்குப் பாடவேளையில் கரும்பலகையைத் தொடுவதற்கு முன்பே ஈர்க்குச்சிகளும் சிப்பிகளும் புளியங்கொட்டைகளும் தரையில் பரவிவிட்டன. குச்சிகளைப் பத்துப் பத்தாக எண்ணி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவது முதல் வேலை. கட்டு என்றால் பத்து. தனிக் குச்சி என்றால் ஒன்று.

42இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டும். நாம் எல்லாரும் "இரண்டில் ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு" என்று மந்திரம்போல் சொல்லிப் பழகியவர்கள். கடன் என்றால் என்ன, ஏன் அதைத் திருப்பிக் கொடுப்பதில்லை என்று எந்தக் குழந்தையும் ஐயுறும். இங்கே 4 கட்டும் 2 குச்சியும் எடுத்து வைத்தனர். ஏழு குச்சி எடுக்க முடியவில்லை. ஒரு சிறுமி தானாகவே ஒரு கட்டின் வளையத்தைக் கழற்றினாள். இப்போது 3 கட்டு, 12 குச்சி. ஏழை எடுத்தாள், மீதி 5. ஒரு கட்டை எடுத்தாள், மீதி 2 கட்டு. விடை 25. கடன் என்ற சொல்லே வரவில்லை. கட்டைப் பிரித்தோம், அவ்வளவுதான். கையால் செய்தபின் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் கண் அதை உடனே ஏற்கிறது.

எண்ணுப் பெயர்களிலும் குழந்தைகளுக்கு ஓர் இடறல் உண்டு. எண்பதுக்குப் பிறகு ஒன்பதோடு ஒட்டிய ஒரு பெயரை எதிர்பார்க்கிறார்கள், வருவதோ தொண்ணூறு. "நூறே இன்னும் வரலையே டீச்சர், அதுக்குள்ள எப்படி நூறு?" என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது; ஆசிரியை சிரிக்கவில்லை. பழந்தமிழில் ஒன்பதைத் தொண்டு என்றும் வழங்கியதுண்டு என்று சொல்லி, நல்ல கேள்வி கேட்டதற்காக அவளைக் கைதட்டிப் பாராட்டச் செய்தார்.

அதன்பின் நடந்ததே அன்றைய நாளின் பெரிய பாடம். ஆசிரியை ஒடிசாச் சிறுமியின் முன்னே அமர்ந்து ஐந்து சிப்பிகளை வரிசையாக வைத்தார். ஒன்றைத் தொட்டு, "உங்க வீட்டில் எப்படிச் சொல்வீங்க?" என்பதுபோல் கையால் சைகை செய்தார். சிறிது நேரம் மௌனம். பிறகு மிக மெல்லிய குரலில் அவள் சொன்னாள்: "ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச." ஆசிரியை மேலும் சிப்பிகளை வைத்தார். இருபது வரை தடையில்லாமல் எண்ணினாள். எட்டுச் சிப்பிகளில் மூன்றை எடுத்து மறைத்ததும், "பாஞ்ச" என்று உடனே சொன்னாள். எண்ணிப் பார்க்கக்கூட இல்லை.

ஆசிரியை எங்கள் பக்கம் திரும்பி, "பார்த்தீர்களா? இவளிடம் கணக்கு இருக்கிறது. தமிழ்ச் சொல்தான் இன்னும் வரவில்லை. சொல் இல்லாததை அறிவு இல்லாதது என்று நினைத்துவிடக் கூடாது" என்றார். பிறகு வகுப்பு முழுவதையும் ஒருமுறை ஒடியாவில் எண்ணச் செய்தார். 27 பேர் ஒருத்தியிடம் பாடம் கேட்டார்கள். அவர்கள் தவறாகச் சொன்னபோது அவள் தலையசைத்துத் திருத்தினாள். அவள் சிரித்ததை அன்றுதான் எல்லாரும் பார்த்தனர்.

இதே உண்மையை நூறாண்டுகளுக்கு முன்பு உலகுக்கு உணர்த்தியவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடையே அவர் ரோம் நகரில் முதலில் பணிபுரிந்தார். தொட்டும் தடவியும் கற்கும் கருவிகளைக் கொடுத்தார். அவர்களுள் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றக் குழந்தைகளோடு தேர்வெழுதித் தேறினர். "இக்குழந்தைகளால் இது முடியுமானால், மற்றக் குழந்தைகளை எது தடுக்கிறது?" என்ற எண்ணம் அம்மையாருக்கு எழுந்தது. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் ரோமில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' என்ற பள்ளியைத் தொடங்கினார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி எழுத்துக் கற்கும் முறை அவர் வகுத்ததே. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பதும், போர்க்காலத்தில் கொடைக்கானலில் வாழ்ந்தார் என்பதும் தமிழகத்துக்குக் கிடைத்த பேறாகும்.

புதன்: கடல் நீர் கற்பித்த பாடம்

சூழ்நிலையியல் பாடத்துக்காக, கடற்கரையருகே குடியிருக்கும் ஒரு சிறுமியின் தந்தை ஒரு புட்டி கடல் நீர் கொடுத்தனுப்பியிருந்தார். அதை இரண்டு தட்டுகளில் மெல்லிய அளவாக ஊற்றினர். ஒன்றை முற்றத்து வெயிலில் வைத்தனர். மற்றொன்றை வகுப்பின் நிழல் மூலையில் வைத்தனர். "எதில் முதலில் உப்பு வரும்?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் தாம் நினைப்பதைப் படமாக வரையச் செய்தார் ஆசிரியை. விடையைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும் என்றார்.

ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. வெயிலும் காற்றும் நீரைக் கொண்டுபோய்விட, உப்பு தங்கிவிடுகிறது. தூத்துக்குடியில் வெயில் மிகுதி, மழை குறைவு, காற்றும் நன்றாக வீசும். ஆகவேதான் இங்கே உப்பளங்கள் பெருகின. இந்தச் செய்தி பாடநூலில் ஒரு வரியாக இருக்கும். இவ்வகுப்பிலோ அதைச் சொல்லப் பத்துப் பேர் எழுந்தனர். பாத்தியில் நீர் பாய்ச்சுவதை ஒருத்தி சொன்னாள். உப்பு வாரும்போது அப்பாவின் கால் வெடித்துவிடும், அம்மா இரவில் எண்ணெய் தடவுவாள் என்று இன்னொருத்தி சொன்னாள். மழைக்காலத்தில் உப்பள வேலை நின்றுவிடும், அப்போது கடையில் கடன் சொல்லித்தான் அரிசி வாங்குவோம் என்று மூன்றாமவள் சொன்னாள். ஏழு வயதுக் குழந்தைகளுக்கு இவ்வளவு தெரியுமா என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டில் கற்றதைப் பள்ளியில் சொல்ல இடம் கொடுத்தால், எந்தக் குழந்தையும் வெறுங்கையோடு வருவதில்லை.

ஒடிசாச் சிறுமிக்குப் பேச்சு விளங்கவில்லை. ஆயினும் ஆசிரியை ஒரு சிட்டிகை உப்பை அவள் உள்ளங்கையில் வைத்ததும், நாவில் தொட்டுப் பார்த்து, "லுண" என்றாள். "உப்பு" என்றார் ஆசிரியை. "உப்பு" என்று திருப்பிச் சொன்னாள். வகுப்பில் அவள் சொன்ன முதல் தமிழ்ச் சொல் அதுவே.

அன்று நண்பகலில் குழந்தைகளுக்குச் சத்துணவு பரிமாறுவதில் நாங்களும் உதவினோம். பசித்த வயிற்றில் பாடம் நிற்காது என்பதைத் தமிழகம் நெடுநாள்களுக்கு முன்பே உணர்ந்திருந்தது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் முதற்கட்டமாகத் தொடங்கப்பட்டது. காலையில் சோர்ந்து சாய்ந்திருந்த சில குழந்தைகள் உணவுக்குப்பின் உரத்த குரலில் பாடியதைக் கண்டோம். முட்டையும் ஒரு பாடநூல்தான் போலும்!

வியாழன்: காக்கையும் நரியும்

வியாழன் கதை நாள். பழைய காலுறைகளில் பொத்தான்களைத் தைத்து நாங்கள் செய்து கொடுத்த பொம்மைகளைக் கையில் மாட்டிக்கொண்டு, பாட்டி வடை சுட்ட கதையைக் குழந்தைகளே நடித்தனர். பாட்டி வேடத்துக்குப் போட்டியோ போட்டி. நரிக்கு இனிமையாகப் பேசத் தெரிந்தவள் வேண்டும். காக்கையின் பங்கை ஆசிரியை ஒடிசாச் சிறுமிக்குக் கொடுத்தார். எங்களுக்கு முதலில் காரணம் புரியவில்லை, பிறகு புரிந்தது. காக்கை கரைவதற்கு மொழி வேண்டாம். மேசைமேல் ஏறி நின்று, "கா... கா..." என்று அவள் கரைந்த குரல் மூன்றாம் வகுப்பு வரை கேட்டது. வடை விழுந்தபோது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, "வடை! வடை!" என்று கூவினாள். அதைக் கதையில் சேர்த்துக்கொண்டார்கள்.

கதையும் பாட்டும் பொழுதுபோக்கு என்று சில பெற்றோர் எண்ணுவதுண்டு. ஆனால் குழந்தை காதால் கேட்டு வாயால் சொல்லிப் பழகிய சொல்லே, பின்னர் எழுத்தில் கண்டதும் உயிர் பெறுகிறது. கேளாத சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பொருள் பிடிபடாது. நம் மறைமாவட்டத்தின் மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், செபங்களைப் போர்த்துக்கீசிய மொழியில் திணிக்கவில்லை. தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்களின் துணைகொண்டு அவற்றைத் தமிழாக்கி, தாம் மனப்பாடம் செய்தார். கையில் மணியடித்துக்கொண்டு தெருக்களில் சென்று குழந்தைகளைக் கூட்டி, இராகத்தோடு சொல்லச் செய்தார். கற்றதை வீட்டுக்குச் சென்று பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்குமாறு அக்குழந்தைகளையே அனுப்பினார். முதலில் குழந்தையின் மொழி, பிறகு பாடம். பெரிய புனிதரே மாணவராக அமர்ந்து பிறர் மொழியைக் கற்றார் என்றால், ஓர் ஆசிரியை ஐந்து ஒடியாச் சொற்களைக் கற்றதில் வியப்பில்லை.

வெள்ளி: தட்டில் பூத்த உப்பு

வெள்ளிக்கிழமை காலை மணியடிக்கும் முன்பே முற்றத்தில் கூட்டம். வெயிலில் வைத்த தட்டில் வெள்ளை வெளேரென்று உப்புப் படிந்திருந்தது. நிழலில் வைத்த தட்டில் இன்னும் நீர் நின்றது. புதனன்று சரியாக வரைந்தவர்கள் துள்ளினார்கள். மாற்றி வரைந்தவர்கள் தட்டைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தார்கள். ஆசிரியை எந்தப் படத்துக்கும் பெருக்கல் குறி இடவில்லை. "இப்ப என்ன தெரிஞ்சுக்கிட்டீங்களோ, அதைப் பக்கத்தில் வரையுங்க" என்றார். எல்லாப் படங்களையும் வகுப்பின் குறுக்கே கட்டிய கம்பிகளில் தொங்கவிட்டார். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிப் பின்னர் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில் இதைக் கம்பிப்பந்தல் என்பார்கள். நல்ல கையெழுத்துக்காரியின் தாள் மட்டும் சுவரில் ஒட்டப்படும் வழக்கம் மாறி, இருபத்தெட்டுத் தாள்களும் ஒரே உயரத்தில் ஆடும் காட்சி கண்ணுக்கு இனிதாக இருந்தது.

பிற்பகலில் மதிப்பீடு. மூன்று மணிநேரத் தேர்வன்று. ஒவ்வொரு குழந்தையும் ஆசிரியை அருகே வந்து இரண்டு நிமிடம் படிக்க வேண்டும், ஒரு சொல் எழுத வேண்டும். அரும்பிலிருந்து இரண்டு பேர் மொட்டுக்குச் சென்றனர். ஒடிசாச் சிறுமியின் முறை வந்தது. படம், பட்டம், மடம் மூன்றையும் மெதுவாகப் படித்தாள். எழுதுவதற்கு ஆசிரியை தாள் தரவில்லை. வெயிலில் காய்ந்த உப்புத் தட்டையே முன்னால் வைத்தார். சிறிது யோசித்து, சுட்டுவிரலால் உ என்று எழுதினாள், பிறகு ப, பிறகு பு. நடுவெழுத்துக்குப் புள்ளி இல்லை. "உபபு" என்று இருந்தது. அப்போது, "அவளுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று திங்கட்கிழமை எங்களிடம் சொன்ன அதே சிறுமி குனிந்து, ப மேல் தன் விரலால் ஒரு புள்ளி வைத்தாள். உப்பு என்றாயிற்று. இருவரும் சேர்ந்து உரக்கப் படித்தார்கள்.

ஆசிரியை பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'அரும்பு' என்றே எழுதினார். ஒரு வாரத்தில் அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. அவள் கற்க வேண்டிய எழுத்துகள் இன்னும் மிகுதியாக உள்ளன. ஆனால் ஒன்றும் தெரியாதவள் என்ற பெயர் அவளை விட்டு நீங்கிற்று. அப்பெயர் ஓராண்டு அவள்மேல் ஒட்டியிருந்தால், அவளே அதை நம்பத் தொடங்கியிருப்பாள். மூன்றாம் வகுப்பில் மௌனமாக அமர்ந்து, ஐந்தாம் வகுப்பில் பள்ளியை விட்டே நின்றிருக்கலாம். தொடக்க வகுப்பில் ஒரு குழந்தைக்கு இடப்படும் பெயர் அத்துணை வலிமையுடையது.

நாங்கள் அறிந்துகொண்டவை

அவ்வாரத்திலிருந்து நாங்கள் தொகுத்துக்கொண்ட கருத்துகள் மூன்று.

முதலாவது, எந்தக் குழந்தையும் வெற்றுப் பலகையாகப் பள்ளிக்கு வருவதில்லை. ஒருத்தியிடம் கணக்கு இருக்கும், தமிழ் இராது. ஒருத்தியிடம் பேச்சு இருக்கும், எழுத்து இராது. ஒருத்தியிடம் உப்பளத்தின் அறிவு முழுவதும் இருக்கும், அதைக் கேட்பார்தான் இரார். இருப்பதைக் கண்டுபிடித்து அதன்மேல் கட்டுவதே நல்லாசிரியையின் பணி.

இரண்டாவது, கை முதலில், கண் அடுத்து, தாள் கடைசியில். மணலும் ஈர்க்குச்சியும் சிப்பியும் விலை கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. பெற்றோர் வீட்டிலேயே இவற்றைக் கொண்டு நாள்தோறும் கால் மணிநேரம் குழந்தையோடு அமரலாம். படிப்பறியாத தாய்மாரும் கதை சொல்லலாம், எண்ணச் செய்யலாம், தம் தொழிலைப் பற்றிப் பேசலாம். பக்கம் பக்கமாகப் பார்த்தெழுதச் சொல்லி, எழுதாவிட்டால் அடிப்பதைக் காட்டிலும் அது நூறு மடங்கு பயன் தரும்.

மூன்றாவது, எங்களைப் போன்ற மூத்த மாணவியருக்கு. வகுப்பாசிரியை ஒருவர், குழந்தைகளோ 28 பேர். அவர் ஒருத்தியிடம் அமர்ந்திருக்கும்போது மற்றவர்களைப் படிக்கக் கேட்க ஓர் அக்கா இருந்தால் அது எத்துணை உதவி! அன்றைய திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைகளைப் போல, வாரத்தில் ஒரு பாடவேளையேனும் நாம் சென்று உதவலாம். தலைமை ஆசிரியை அருட்சகோதரி அவர்களிடம் இவ்வேண்டுகோளை வைத்தோம். வெள்ளிதோறும் கடைசிப் பாடவேளையில் நான்கு பேர் முறைவைத்துச் செல்ல அன்புடன் இசைவளித்துள்ளார்கள். பெயர் கொடுக்க விரும்பும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புத் தோழியர் தத்தம் வகுப்பாசிரியையிடம் தெரிவிக்கலாம்.

சீடர்கள் தடுத்தபோதும் குழந்தைகளை அருகே அழைத்து ஆசீர்வதித்த இயேசுபிரான், அவர்களுள் யார் முதல், யார் கடைசி என்று கேட்டதாக நற்செய்தியில் எங்கும் இல்லை. நம் பள்ளியின் தொடக்க வகுப்புகளில் பயிலும் சின்னஞ்சிறு தங்கையர் அனைவரும், எம்மொழி பேசும் வீட்டிலிருந்து வந்தாலும், எழுத்தும் எண்ணும் பெற்று உயர எல்லாம் வல்ல இறைவன் அருள்வாராக. அவர்களுக்காக மணலிலும் உப்பிலும் விரல் வைத்து எழுதக் கற்பிக்கும் ஆசிரியைகளுக்கு எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.